ஆலங்காயத்தில் வாங்கிய அடாப்டர்

மலைமேல் புதூர்நாட்டில் எங்களோடு இருந்த மாமா, அம்மாவின் தம்பி, ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் நான்காவது படித்தபோது வாணியம்பாடியில் பழைய தொலைநோக்கி ஒன்றை வாங்கி வந்தார். ஊரே நிலாவைப் பார்க்கப்போகிறது என்று எல்லோரிடமும் சொல்லியும் வைத்துவிட்டார்.

ஆனால் அதன் ஐபீஸ், அதாவது கண் வைத்துப் பார்க்கும் சின்னக் கண்ணாடிக் குழல், அதற்கான ஓட்டையைவிட மிகச் சிறியது. முதல் நாள் தொலைநோக்கியை மேலே நிமிர்த்தியதுமே அது நழுவி, அம்மா புடைத்துக்கொண்டிருந்த சாமையில் போய் விழுந்தது. சாமையில் விழுந்ததால் உடையவில்லை.

இரண்டுக்கும் நடுவே பொருத்த ஓர் அடாப்டர் வேண்டும் என்று மாமா ஆலங்காயத்தில் ஒரு பைப் கடைக்குப் போனார். கடைக்காரரின் மகள்தான் வியாபாரம் பார்ப்பாள். மாமா கொண்டுவந்த பிளாஸ்டிக் வளையம் தொளதொளவென்று ஆடியது. மறுபடி போனார், அடுத்தது நுழையவே இல்லை. ஐபீஸைக் கையோடு கொண்டுபோகச் சொன்னால் ஒவ்வொரு முறையும் மறந்துவிடுவார். தலை வாரிக்கொள்ள மட்டும் மறக்கமாட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த முறை நானும் ஜீப்பில் ஏறிக்கொண்டேன்.

“போன வாட்டி வாங்கினது இன்னாச்சுங்க?” என்று கேட்டாள் அவள்.

“அளவு சேரலைங்க,” என்றார் மாமா, இதுவரை நான் கேட்டிராத மெல்லிய குரலில்.

கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்த ஐபீஸை எடுத்து மேசைமேல் வைத்தேன். மாமா என்னைப் பார்த்த பார்வையில் நன்றியே இல்லை.

அவள் நான்கைந்தைப் போட்டுப் பார்த்து, ஒரு பித்தளை வளையத்தைத் தேர்ந்தெடுத்தாள். அதில் சுற்றிலும் மூன்று திருகுகள் இருந்தன.

“ஒரே ஸ்குரூன்னா ஒரு பக்கமா சாஞ்சுடும். மூணு பக்கமும் புடிச்சாதான் ஆடாது,” என்றவள், என்னிடம் குனிந்து, “நெலா பாக்க எங்களயும் கூப்புடுவியா?” என்றாள்.

“ராத்திரி திரும்பிப் போக உங்களுக்கு பஸ் கெடைக்காதே,” என்றேன் நான்.

“ஜீப் இருக்குதே!” என்றார் மாமா அவசரமாக.

அந்த ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும்போதே தன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு அவள் வந்துவிட்டாள். அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பலாச்சுளை வைத்தாள். ஐபீஸ் கொஞ்சமும் அசையவில்லை. ஊர்க்காரர்கள் வரிசையில் நின்று பாதி நிலாவின் பள்ளங்களைப் பார்த்து வாய் பிளந்தார்கள்.

அவளுடைய அப்பா மட்டும் வரிசைப் பக்கமே வரவில்லை. வீட்டுக் கூரையைப் பார்த்தார், புளியமரங்களைப் பார்த்தார், மாமாவை மேலும் கீழும் பார்த்தார். “எத்தினி ஏக்கர்ங்க?” என்று என் அப்பாவிடம் கேட்டார். நிலா பார்க்க வரச்சொல்லி நான் அவர் கையைப் பிடித்து இழுத்தும் அசையவில்லை.

“இருக்கட்டும்மா, பாக்க வேண்டியத பாத்துட்டேன்,” என்று சிரித்தார்.

நிலாவைப் பார்க்கவென்று மலையேறி வந்த மனிதர் அதை மட்டும் பார்க்காமல் போகிறாரே என்று எனக்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது.