திடீரென்று நல்லவராகிவிட்ட கணவரோடு சுருளி அருவிக்கு

போன கார்த்திகையில் ஒரு புதன்கிழமை காலை, பழனிசெட்டிபட்டியில் எங்கள் வீட்டு வாசலில் பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தேன். பின்னால் வந்து நின்ற என் வீட்டுக்காரர், "இன்னைக்குக் கடை லீவு கலா. கிளம்பு, சுருளிக்குப் போயிட்டு வருவோம்" என்றார்.

வெளியூர்க்காரர்களுக்கு இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். அவர் அல்லிநகரத்தில் மோட்டார், பைப் கடை வைத்திருக்கிறார். எங்கள் பஜாரில் வார நாளில் ஒரு கடையின் ஷட்டர் இறங்கிக் கிடந்தால் ஒரே அர்த்தம்தான்: எழவு. என் பிரசவத்தன்றுகூட மத்தியானம் வரை கடையைத் திறந்து வைத்திருந்த மனிதர் இவர். இந்த வலைப்பக்கத்தில் நான் எழுதிய அத்தனை ஊர்களுக்கும் அக்கம்பக்கத்துப் பெண்களோடுதான் போயிருக்கிறேன். "வர்றீகளா?" என்று அவரைக் கேட்பதையே விட்டுப் பல வருஷம் ஆகிறது.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை தேனி ஆஸ்பத்திரியில் என் இடது மார்பில் இருந்த ஒரு கட்டியில் ஊசி போட்டுச் சதை எடுத்திருந்தார்கள். மதுரைக்கு அனுப்பி, முடிவு வந்ததும் போன் பண்ணுவதாகச் சொன்னார்கள். எந்த ஆஸ்பத்திரியிலும் என் பெயருக்கு எதிரே அவருடைய நம்பர்தான் இருக்கும். அவர் "சுருளிக்குப் போவோம்" என்றதும், போன் வந்துவிட்டது, இவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

இப்படி நினைக்கக் காரணம் கொரியாக்காரர்கள்தான். ஊரடங்குக் காலத்தில் என் மகள் பழக்கிவிட்டுப் போன பழக்கம், போனில் கொரியாத் தொடர் பார்ப்பது. அவள் காலேஜ் முடித்து வேலைக்கே போய்விட்டாள், நான் இன்னும் விடவில்லை. பருப்பு வேகிற நேரத்தில் அரை எபிசோட், துணி மடிக்கிற நேரத்தில் மீதி. அவர்கள் கதையில் வருகிறவர்களை நான்கைந்து அச்சில் அடக்கிவிடலாம். மூஞ்சியை இறுக்கிவைத்துக்கொண்டு உள்ளுக்குள் உருகுகிற பணக்காரப் பையன். குடை பிடித்தே காலத்தைக் கழிக்கிற, யாரும் கட்டிக்கொள்ளாத இரண்டாவது ஹீரோ. கவரில் பணத்தை வைத்து "என் மகனை விட்டுடு" என்கிற அம்மா. எனக்கு மிகவும் பிடித்தவர்கள் அங்குள்ள அப்பாக்கள். ஒரு வார்த்தை பேச மாட்டார்கள், பிள்ளையின் சோற்றின் மேல் ஒரு கறித்துண்டை எடுத்து வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார்கள். நான் அதற்கே அழுதுவிடுவேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர்கள் அப்படியே நம் ஊர்தான். நோய் யாருக்கோ, அவளுக்குத்தான் கடைசியில் சொல்வார்கள். புருஷன்காரன் டாக்டரைத் தனியாகப் பார்த்து, மழையில் நின்று அழுது, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "வா, கடல் பார்க்கப் போவோம்" என்பான். பாதிக் கதைக்கு மேல் எவனாவது காரணமில்லாமல் நல்லவனாக மாறினால் ஹீரோயின் கதை முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் கடல் இல்லை, சுருளி. அவ்வளவுதான் வித்தியாசம்.

தேனியிலிருந்து கம்பம் சுமார் நாற்பது கிலோமீட்டர். நாங்கள் எட்டு மணிவாக்கில் பழனிசெட்டிபட்டியிலேயே பஸ் ஏறினோம். வண்டி நிறைய ஐயப்ப பக்தர்கள், இருமுடியும் சந்தன வாசனையும். வீரபாண்டியில் ஒரு ஜன்னல் சீட் காலியானது. வழக்கமாக அவர் போய் உட்கார்ந்து, சின்னமனூருக்குள் குறட்டை விடுவார். அன்று, "நீ உக்காரு, காத்து வரும்" என்றார். உட்கார்ந்தேன். காற்று வந்தது. எனக்கு வியர்த்தது.

உத்தமபாளையம் நெருங்கும்போது அவர் போன் அடித்தது. பக்கத்துப் பெயின்ட் கடைக்காரர். அவர் பேசினால் ஒலிபெருக்கியே தேவையில்லை.

"அண்ணே, கடை அடைச்சிருக்கு! யாருண்ணே தவறிட்டாக?"

"யாரும் இல்லப்பா."

"சும்மா சொல்லுங்கண்ணே. மாலை வாங்கணும்ல."

"அடேய், யாரும் சாகலடா! வையிடா போனை!" என்று இவர் கத்தியதில் முன் சீட்டு சாமிகள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அனுமந்தன்பட்டி வந்தது. ரோட்டோரத்துத் திராட்சைப் பந்தல்கள் மழையில் கழுவிவிட்டது போல் இருந்தன. வேறு நாளாக இருந்தால் போட்டோ எடுத்து இங்கே போட்டிருப்பேன். அன்று, எனக்குத்தான் மாலை என்பதை அந்த மனுஷன் முன்கூட்டியே கேட்கிறாரே என்றுதான் ஓடியது. கொஞ்ச நேரத்தில் மறுபடி போன் அடித்தது. இந்த முறை இவர் திரையைப் பார்த்துவிட்டு, எடுக்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். யார் என்று கேட்டேன். "கம்பெனிக்காரன்" என்றார். இவர் பொய் சொன்னால் காது மடல் சிவக்கும். சிவந்தது.

கம்பத்தில் இறங்கும்போது ஒன்பதரை. சுருளி அருவி அங்கிருந்து பத்து கிலோமீட்டர் இருக்கும். பஸ்ஸும் உண்டு. நாங்கள் ஆட்டோ பேசினோம், காத்திருந்து கூட்டி வர ஐந்நூறு ரூபாய். என் வீட்டுக்காரர் முந்நூறிலிருந்து ஆரம்பித்து வாய்ச்சண்டை போட்டார். எனக்கு அப்படி ஒரு நிம்மதி. இவர் பேரம் பேசுகிற வரைக்கும் என் ஆயுள் கெட்டி என்று தோன்றியது.

"அருவி தொறந்திருக்கா தம்பி?" என்று ஆட்டோக்காரரைக் கேட்டேன்.

"நேத்துத்தான்க்கா தொறந்துவிட்டாக. தண்ணி கூடன்னு ரெண்டு நாளா யாரையும் விடல. அக்கா அதிர்ஷ்டக்காரக" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டு அழுகைதான் வந்தது.

வனத்துறை செக்போஸ்டில் தலைக்கு முப்பது ரூபாய் டிக்கெட். அங்கிருந்து நடை. வழியில் ஆற்றோரமாக ஒரு குடும்பம் மொட்டைத் தலைகளோடு உட்கார்ந்து பிண்டம் வைத்துக்கொண்டிருந்தது. சுருளியில் இது தினமும் நடப்பதுதான். ஆனாலும் பார்க்கக் கூடாது என்று நினைத்தும் பார்த்துவிட்டேன். அருவிக்கு முன்னால் படி வழுக்கும், செருப்பைக் கழற்றிவிட வேண்டும். கழற்றினேன். என் வீட்டுக்காரர் குனிந்து என் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். நாலு பேர் பார்க்க, ஒரு கையில் என் செருப்பு, மறு கையில் என் கை. ஹீரோ மண்டிபோட்டு ஹீரோயினுக்கு ஷூ கயிறு கட்டிவிடுகிற காட்சியை நூறு தடவை பார்த்து, "நமக்கு யார் இருக்கா இப்படி" என்று பெருமூச்சு விட்டவள் நான். எனக்கே அது நடந்தபோது, "ஐயோ, கீழ போடுங்க!" என்று கத்த வேண்டும் போல் இருந்தது.

தண்ணீர் அருமை. தலையில் விழுந்தால் மண்டைக்குள் ஒரு நினைப்பும் நிற்காது என்பார்கள். எனக்கு நின்றது. மார்பில் ஊசி குத்திய இடத்தைக் கையால் மூடிக்கொண்டு ஓரமாக நனைந்தேன்.

திரும்பும் வழியில் சுருளிப்பட்டியில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் ஆட்டோவை நிறுத்தினோம். பன்னீர்த் திராட்சை, கறுகறுவென்று பந்தலில் தொங்கியது. தோட்டத்து அம்மா, "வாத்தா, தின்னு பாரு, காசு வேணாம்" என்று ஒரு கொத்தைப் பறித்துக் கொடுத்தார். கிலோ நூறு என்றார்.

"தேனியில அறுவது" என்றார் என் வீட்டுக்காரர். நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன்.

"மழைக்குப் பழமெல்லாம் வெடிச்சுப் போச்சுய்யா. மிஞ்சுனது இதுதான்."

அவர் என்னைப் பார்த்தார். "சரி, ரெண்டு கிலோ போடுங்க" என்று இருநூறு ரூபாயை எடுத்து நீட்டினார்.

இருபத்திரண்டு வருஷ சம்சாரத்தில் இந்த மனுஷன் சொன்ன விலைக்கு ஒரு பொருள் வாங்கி நான் பார்த்ததில்லை. போதாக்குறைக்கு, "அந்தப் பந்தலுக்குக் கீழ நில்லு, ஒரு போட்டோ எடுக்குறேன். சிரி" என்றார். கொரியாக் கதை பார்த்தவர்களுக்குத் தெரியும், வெயிலில் சிரித்துக்கொண்டு எடுக்கிற படத்தைத்தான் பின்னால் கறுப்பு நாடா கட்டிப் பூக்களுக்கு நடுவில் வைப்பார்கள். "வேணாம்" என்றேன். "ஏன், நல்லாத்தான இருக்க?" என்றார். சிரித்தேன். இப்போது அந்தப் படத்தைப் பார்த்தால் பல்வலிக்காரி மாதிரி இருக்கிறேன்.

கம்பத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மெஸ். சாப்பாடு, கோழி வறுவல், இரண்டு பேருக்கும் சேர்த்து முந்நூற்றி இருபது ரூபாய். இலையில் சோறு விழுந்தது, குழம்பு விழுந்தது. நான் பிசைந்துகொண்டே இருந்தேன். அப்போது அவர் தன் இலையிலிருந்து ஒரு கோழித்துண்டை எடுத்து என் சோற்றின் மேல் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அவ்வளவுதான். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"என்னங்க, ரிப்போர்ட்டு வந்துருச்சு. அப்படித்தான?"

"வரல."

"பொய் சொல்லாதீக. காலைல இருந்து எனக்கு எல்லாம் தெரியுது. கடையை அடைச்சீக, செருப்பைத் தூக்குனீக, பேரம் பேசாம பழம் வாங்குனீக. எனக்கு எத்தனை மாசம்னு சொன்னாக? என் உடம்பு, எனக்குச் சொல்லாம யாருக்குச் சொல்றாக?" என் சத்தம் கூடிவிட்டது. பரிமாறுகிறவர் ரசவாளியோடு அப்படியே நின்றுவிட்டார்.

அவர் எச்சில் கையோடு உட்கார்ந்திருந்தார். "சத்தியமா எனக்குத் தெரியாது கலா. நேத்துச் சாயங்காலம் கடையில இருக்கும்போது ஆஸ்பத்திரியில இருந்து போன் பண்ணுனாக. நான் எடுக்கல. இன்னைக்குப் பஸ்ஸுல வந்ததும் அவுகதான். எடுக்கல. எடுக்க முடியலத்தா எனக்கு. கடையில உக்காந்தா மறுபடி வரும்னுதான் உன்னக் கூட்டிக்கிட்டு வந்தேன்."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அங்கே அரண்டவர்கள் இரண்டு பேர். இவருக்கு எல்லாம் தெரியும் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். தெரிந்துவிடுமோ என்று இவர் ஊர் ஊராக ஓடிக்கொண்டிருந்தார். எத்தனையோ புருஷன்மார்களை அந்தச் சின்னத் திரையில் பார்த்துவிட்டேன். போனை எடுத்துக் கேட்டு, குடையைக் கீழே போட்டு, மழையில் அழுகிறவர்கள். போனையே எடுக்காமல் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு அருவிக்கு ஓடுகிற ஒருவரை எந்தக் கதாசிரியரும் எழுதி நான் பார்த்ததில்லை. கோபமும் வந்தது. அதைவிட அதிகமாக அவர் மேல் ஒரு பாசம் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அப்படி வந்ததில்லை.

இடது கையால் அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து நானே அந்த நம்பருக்கு அடித்தேன். ஒரு பெண் எடுத்தாள். பெயரைச் சொன்னேன்.

"கூட அட்டெண்டர் யாரும் இருக்காகளாக்கா? அவுககிட்டக் குடுங்க."

"பேஷண்ட்டுதான்மா பேசுறேன். எங்கிட்டயே சொல்லு."

"இன்னைக்கே நேர்ல வந்துருங்கக்கா, டாக்டர் இருக்காக" என்றாள். நல்ல செய்தியாக இருந்தால் போனிலேயே சொல்லியிருப்பாள். அந்தக் கோழித்துண்டை எடுத்துச் சாப்பிட்டேன். அவரையும் சாப்பிடச் சொன்னேன். இரண்டு மணி பஸ்ஸைப் பிடித்துத் தேனிக்கு வந்தோம். புற்றுநோய்தான். ஆரம்பம் என்றார் டாக்டர், நாள் கடத்த வேண்டாம் என்றார். அவர் என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார், ஏனென்றால் முதல் நாற்காலியில் நான் போய் உட்கார்ந்துவிட்டேன்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. கார்த்திகை, மார்கழியில் அந்த ரோட்டில் சபரிமலை வண்டிகள் நெரியும், காலையில் சீக்கிரம் கிளம்புங்கள். மழை நாளில் அருவியை அடைத்துவிடுவார்கள், கம்பத்து ஆட்டோக்காரர்களிடம் கேட்டுக்கொண்டு போங்கள். மாற்றுத்துணி முக்கியம். திராட்சை தோட்டத்தில் ருசியாக இருக்கிறதே என்று பறித்த கையோடு தின்னாதீர்கள், மருந்தடித்திருப்பார்கள், கழுவிச் சாப்பிடுங்கள். மெஸ்ஸுக்கு ஒன்றரைக்குள் போய்விடுங்கள், வறுவல் தீர்ந்துவிடும். பெண்களுக்கு மட்டும் ஒன்று: ஆஸ்பத்திரியில் உங்கள் பெயரை எழுதும்போது உங்கள் நம்பரைக் கொடுங்கள். எங்காவது கட்டி தட்டுப்பட்டால், அருவியெல்லாம் அப்புறம்.

ஆபரேஷன் முடிந்துவிட்டது. இப்போது மருந்து ஏற்றுவதற்காக மதுரைக்குப் போய் வருகிறோம், இதையும் அங்கே படுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. அதை ஏன் மறைக்க வேண்டும்? மருந்து சொட்டு சொட்டாக இறங்குகிற நேரத்தில் இரண்டு பேரும் ஒரே போனில், ஆளுக்கொரு காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தொடர் பார்க்கிறோம். இப்போது ஓடுவது வாரத்துக்கு இரண்டு எபிசோட்தான் வரும். அதிலும் ஒருத்திக்கு நோய். போன வாரம் பாதியில் நிறுத்தி, என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"இவ பொழைச்சுக்கிருவாளா? நீதான் எம்புட்டோ பாத்திருக்கியே, சொல்லு."

"எனக்கு எப்படிங்க தெரியும்? இன்னும் பாதிக் கதை வரவே இல்லை."

போனை நெஞ்சில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். "சரி, வரட்டும். நான் கடையில இருக்கும்போது நீ மட்டும் தனியாப் பாத்துறாத. சேந்தே பாப்போம்" என்றார்.