ரயிலை நிறுத்தச் சொன்ன ஆட்டக்காரி

நான் செய்த கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி யார் என்ன எழுதியிருந்தாலும் காலைக் காபியோடு படித்துவிடுவேன். படிக்காதே என்று தோழி சொல்லுவாள். அவள் நிரல் எழுதியவள். விளையாட்டு பாதியில் நிற்காமல் ஓடினால் அவளுக்குப் போதும். படம் வரைந்ததும் கதை கட்டியதும் புதிர் வைத்ததும் நான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அதைக் கறுப்பு என்று எவனாவது சொல்லிவிட்டால் எனக்கு அன்றைக்கு வேலை ஓடாது.

அது மவுஸை வைத்துக்கொண்டு ஆடுகிற விளையாட்டு. திரையில் ஒரு வீடு இருக்கும். பானை, பெட்டி, ஜன்னல் என்று எதையும் அழுத்திப் பார்க்கலாம், சிலவற்றை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளலாம், ஒன்றோடு இன்னொன்றைச் சேர்த்து வழி கண்டுபிடிக்கலாம். துப்பாக்கி கிடையாது, ஓட்டம் கிடையாது. கதை இதுதான். ஒரு பெண், தன் அம்மா பிறந்த வீட்டில் பழைய தினசரிக் காலண்டர் தாள்களைக் கண்டெடுக்கிறாள். ஒரு தாளை மறுபடி அட்டையில் ஒட்டினால் அந்த நாளுக்கே போய்விடுகிறாள். அப்படிப் போய்ப் போய், இருபது வயது அம்மாவுக்கு வந்த வேலை உத்தரவைத் தேடி எடுத்து அவள் கையில் சேர்க்க வேண்டும்.

பாதிக்கு மேல் எங்கள் வீட்டுக் கதைதான். அம்மாவுக்கு இருபது வயதில் மெட்ராஸில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. உத்தரவு தபாலில் வந்தது. எல்லோரும் ஒருமுறை படித்தார்கள், தாத்தா மடித்து வைத்தார், அப்புறம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. இரண்டு மாதத்தில் மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசித்து அப்பாவுக்குக் கட்டி வைத்துவிட்டார்கள். நிஜத்தில் அந்தக் கடிதத்தை யாரும் ஒளித்து வைக்கவில்லை. புதிர் வேண்டுமே என்று நான்தான், விளையாட்டில் தாத்தா அதை மாதா படத்துக்குப் பின்னால் ஒளித்ததாக வைத்தேன்.

கடைசிக் காட்சியில் ஆட்டக்காரர் மகளாக இல்லாமல் அந்த இருபது வயது அம்மாவாகவே மாறிவிடுவார். கையில் உத்தரவு இருக்கும். முன்னால் இரண்டு கதவுகள். உள்ளறைக் கதவைத் திறந்தால் கட்டிலில் புதுச் சேலை மடித்து வைத்திருக்கும், மாப்பிள்ளை வீட்டார் வந்துகொண்டிருப்பார்கள். அதைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் நடந்தபடியே நடக்கும். வாசல் கதவைத் திறந்தால் பஸ், பிறகு ரயில். ரயில் ஏறியதும் சுவரில் இருக்கிற மகளின் போட்டோ கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து மறையும். அம்மா போய்விட்டாள், மகள் பிறக்கவே இல்லை. அதோடு செய்தவர்களின் பெயர்கள் ஓடி விளையாட்டு முடிந்துவிடும்.

இந்த ரயில் முடிவைத்தான் ஆட்டக்காரர்கள் கொண்டாடினார்கள். அதுதான் உண்மையான முடிவு என்று ஆளாளுக்குத் தீர்ப்பு எழுதினார்கள். ஒருவர் அழுதுவிட்டேன் என்று எழுதினார். மகள் தன்னையே அழித்துக்கொண்டு அம்மாவுக்கு விடுதலை தருகிறாள், எவ்வளவு துணிச்சல் என்று ஒருவர். காலண்டர் புதிரில் இரண்டு மணி நேரம் போச்சு, காசைத் திருப்பிக் கொடு என்று ஒருவர். மகளே பிறக்கவில்லை என்றால் காலண்டர் தாளை ஒட்டியது யார் என்று ஒருவர் மடக்கினார். அதற்குப் பதில் எனக்கும் தெரியாது. ஆனால் அந்த ஆள்மேல் வந்த கோபம் ஒரு வாரம் இருந்தது. உள்ளூர்க்காரர் ஒருவர், அம்மா பிறந்த மதுக்கரைக்கு அந்தக் காலத்தில் நான் வரைந்த நம்பர் பஸ் ஓடவே இல்லை என்று மட்டும் எழுதி ஒரு நட்சத்திரத்தைக் குறைத்திருந்தார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். நாலு வருஷம் ஆபீஸ் முடிந்து வந்து, பீளமேட்டு வாடகை வீட்டில் உட்கார்ந்து வரைந்தது. அம்மாவுக்கு நான் கொடுத்த பரிசு என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. ஏதோ கம்ப்யூட்டர் கேம் என்று சொல்லி வைத்திருந்தேன்.

அப்பாதான் காரியத்தைக் கெடுத்தார். சிமெண்ட் ஆலையில் இருந்து ஓய்வு பெற்றவர், பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார். பூசை முடிந்து கோயில் வாசலில் நாலு பேரிடம் மகளின் விளையாட்டைப் பற்றி அளந்திருக்கிறார். அதில் ஒருவருடைய பேத்தி அதை ஆடியிருக்கிறாள். "உங்க கதையாமே அது" என்று அம்மாவிடம் கேட்டுவிட்டார்கள். அடுத்த ஞாயிறு நான் மதுக்கரை வீட்டுக்குள் கால் வைத்ததும் அம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

"எங்க கண்ணு அது? நானும் ஆடிப் பாக்கறேன்."

முன்பின் தெரியாதவர்கள் ரயிலை அழுத்தினால் எனக்குச் சந்தோஷம். அம்மா அழுத்தினால்? என்னை வேண்டாம் என்று அவள் சொன்னதாகத்தானே ஆகும். சரி, அழுத்தாமல் உள்ளறைக்கே போய்விட்டால்? இத்தனை வருஷமும் அவளுக்காக நான் பட்ட ஆத்திரம் எல்லாம் வெறும் கற்பனை என்று ஆகும். இரண்டில் எது நடந்தாலும் நான் தாங்குவேனா என்று எனக்கே தெரியவில்லை.

முதல் ஞாயிறு முழுக்க மவுஸோடு போனது. அம்பை ஜன்னலுக்குக் கொண்டுபோகச் சொன்னால் அது கூரைக்குப் போகும், அம்மாவும் கூடவே எழுந்து நிற்பாள். ஆனால் வீட்டைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். "அடக் கெரகமே, இது எங்க ஊடு!" என்றவள் அடுத்த நொடியே குற்றம் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். துணி காயப்போடுகிற கம்பி இந்தப் பக்கம் இல்லை, அந்தப் பக்கம். தண்ணித்தொட்டி இவ்வளவு பெரியது இல்லை. இலைமேல் சிமெண்ட் தூசி எங்கே? "இத்தன பச்சையா எங்கூர்ல எந்த மரம் கண்ணு இருந்துச்சு?" அதுவரை ஆடிய மூவாயிரம் பேர் கவனிக்காததை அரை மணி நேரத்தில் கவனித்துவிட்டாள்.

இரண்டாம் ஞாயிறு கடிதத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். புதிரே இல்லை அவளுக்கு. வீட்டில் எதைக் காணோம் என்றாலும் முதலில் மாதா படத்துக்குப் பின்னால்தான் பார்ப்போம் என்றாள். கடிதத்தைத் திரையில் பெரிதாக்கி, நான் ஒப்புக்கு எழுதியிருந்த ஆங்கில வரிகளை விரல் வைத்துப் படித்தாள். அப்பறமாப் பாக்கலாம் என்று எழுந்துபோய்ப் பருப்பை வேகவைத்தாள்.

மூன்றாம் ஞாயிறு கடைசிக் காட்சி. நான் பக்கத்தில் உட்காராமல் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

அம்மா கதவுப் பக்கமே போகவில்லை. காட்சியின் ஓரத்தில் அடுப்பில் பால் இருக்கும். ஆவி பறக்கிற மாதிரி வரைந்திருந்தேன், வீடு உயிரோடு இருப்பது தெரியட்டும் என்பதற்காக. அம்மா அம்பைக் கொண்டுபோய்ப் பாலின் மேல் வைத்து அழுத்தினாள். தேவையில்லாத எதை அழுத்தினாலும் வருகிற வாசகம் வந்தது: 'இப்போது இதற்கு நேரமில்லை.'

"நேரமில்லீயா? பொங்கீருமே!"

மறுபடி அழுத்தினாள். நேரமில்லை. குழாயை அழுத்தினாள், நேரமில்லை. கம்பியில் கிடந்த துணியை, கோழிக் கூண்டை, திறந்து கிடந்த அரிசி டப்பாவை அழுத்தினாள். எதற்கும் நேரமில்லை.

"ஏங்கண்ணு, அடுப்ப அணைக்காம எப்புடிப் போறது?"

"அதெல்லாம் சும்மா படமுங்கம்மா. கதவ மட்டும் பாருங்க."

"படமா இருந்தா? திரும்பி வந்து பாக்கறப்ப கருகிக் கெடந்தா ஆரு தேய்க்கறது?"

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தது. அம்மா மேலும் கொஞ்ச நேரம் பாலோடு போராடிவிட்டு, பையைத் திறந்து, முந்தின புதிர் ஒன்றில் எடுத்த டிபன் டப்பா அதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். பிறகு வாசல் கதவை அழுத்தினாள். ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. உள்ளறைக் கதவை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பஸ் வந்தது. ரயில் வந்தது. ஜன்னலோரம் இருபது வயதுப் பெண். சுவரில் என் போட்டோ வெளுக்க ஆரம்பித்தது. நான் வரைந்த காட்சிதான், நூறு முறை பார்த்ததுதான். ஆனாலும் முப்பத்து மூன்று வயதுப் பெண், அம்மா என்னை விட்டுப் போய்விட்டாள் என்று ஒரு விளையாட்டைப் பார்த்துக் கண் கலங்கினேன்.

பெயர்கள் ஓடின. அம்மா இன்னும் அழுத்திக்கொண்டே இருந்தாள். ஜன்னலை, ரயில் கதவை, மேலே தொங்குகிற சங்கிலியை.

"என்னம்மா பண்றீங்க?"

"இதுல எறங்கறது எப்புடி? ஈரோடே தாண்டியிருக்கும் போல."

"எறங்க முடியாதுங்கம்மா. கேம் முடிஞ்சுருச்சு."

"முடிஞ்சுருச்சா? வேலைக்குப் போனவங்க லீவுக்கு ஊருக்கு வர மாட்டாங்களா?"

அவளுக்கு விளங்கவே இல்லை என்று நினைத்து நான் விளக்கினேன். பொறுமையாக, ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்கிற மாதிரி. "நீங்க மெட்ராஸ் போயிட்டா அப்பாவக் கட்டியிருக்க மாட்டீங்க. நான் பொறந்திருக்க மாட்டேன். அதுனாலதான் அந்தப் போட்டோ மறையுது. உங்களுக்காக நான் இல்லாமப் போயிடறேன்."

அம்மா மவுஸை விட்டுவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள். "அத ஆரு சொன்னது உங்கிட்ட?"

"எதங்கம்மா?"

"நான் வேலைக்குப் போனா உன்னயப் பெக்க மாட்டேன்னு."

நான் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"எங்கப்பாவும் இதையேதான் சொன்னாரு. ஒண்ணு வேலை, இல்லீன்னா கண்ணாலம்னு. ரெண்டுல ஒண்ணச் சொல்லு அம்மணின்னாரு. ரெண்டும் வேணும்னு சொல்ல அப்ப எனக்கு வாய் வரலெ." கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "நீ படிச்ச புள்ள. நீயும் ரெண்டே கதவுதான் வெச்சிருக்கற."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் எதிர்த்துப் பேசியிருப்பேன். வாதம் செய்ய எனக்கா தெரியாது? அவள் சாதாரணமாக, கம்பி அந்தப் பக்கம் என்று சொன்ன மாதிரியே சொன்னாள். நாலு வருஷம் தாத்தாவை வில்லனாக வரைந்த நான், அவர் கட்டிய வீட்டையே மறுபடி கட்டியிருக்கிறேன். இத்தனை பேர் பாராட்டியதில் ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை. எனக்கும் படவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட, அவள் என்னை விட்டுப் போகவே இல்லை, போய்த் திரும்பி வரத்தான் பார்த்தாள் என்பது மெதுவாகத்தான் மண்டையில் ஏறியது. அப்போது வாய்விட்டே அழுதேன். "அட, எதுக்கு இப்ப?" என்று அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

தோழியிடம் சொன்னபோது திட்டினாள். வெளியாகி நல்ல பேர் எடுத்த விளையாட்டின் முடிவை மாற்றுவார்களா யாராவது? ஆனாலும் செய்து கொடுத்தாள். ரயில் இப்போது மெட்ராஸ் போகும். அங்கே டெலிபோன் ஆபீஸில் ஒரு பெரிய கூடம், சுவர் நீளத்துக்கு ஓட்டை ஓட்டையாகப் பலகை, ஓட்டைகளில் செருக வயர்கள். யாராவது கூப்பிட்டால் சின்ன விளக்கு எரியும். வயரை எடுத்து அவர்கள் கேட்கிற இடத்தில் செருகினால் இரண்டு ஊர்களும் பேசிக்கொள்ளும். மூன்று அழைப்புகளை இணைத்தால் லீவு கிடைக்கும். லீவு எடுத்தால் திரும்புகிற ரயில், போத்தனூரில் இறங்கினால் வீடு. போட்டோ சுவரிலேயே இருக்கும்.

ஆட்டக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. இழப்பே இல்லாத முடிவு சப்பென்று இருக்கிறது என்றார்கள். அழுதேன் என்று எழுதியவர் அந்தப் பாராட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். எனக்கு வலிக்கவில்லை என்றால் பொய். ஆனால் பதில் எழுதிச் சண்டை போடத் தோன்றவில்லை.

புதிய முடிவோடு ஒரு ஞாயிறு மதியம் அம்மாவை மறுபடி உட்கார வைத்தேன். ரயில் மெட்ராஸ் சேர்ந்ததும் நான் சமையலறைக்குப் போனேன். ரசத்தைத் தாளித்து இறக்கினேன், அப்பளம் பொரித்தேன். அப்பா வந்து தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏனம்மணி, சோறு உண்ண வாரீங்களா இல்லியா?"

"நீங்க உண்ணுங்க. லைன்ல ஆளு இருக்காங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

போய்ப் பார்த்தேன். லீவு விண்ணப்பம் திரையின் ஓரத்தில் எப்போதோ வந்து காத்துக்கொண்டிருந்தது. அம்மா அதைத் தொடவில்லை. விளக்கு எரிய எரிய வயரை எடுத்துச் செருகிக்கொண்டிருந்தாள். மவுஸ் இப்போது தடுமாறவில்லை. மூன்று அழைப்புகளைத்தான் நான் எழுதியிருந்தேன். முடிந்ததும் அதே மூன்றும் மறுபடி முதலிலிருந்து வரும். சேலத்து வியாபாரி, பிள்ளை பிறந்த செய்தி சொல்லுகிற ஒரு ஆள், மகளிடம் பேச வேண்டும் என்கிற ஒரு தாய். அதே மூன்று பேரைத் திரும்பத் திரும்ப இணைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் அவர்கள் பேசுவதற்கு முன்னால் வாய்க்குள் மெல்ல, "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்டாள்.

நான் நின்றதைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் கூச்சத்தோடு சிரித்தாள்.

"இன்னுங் கொஞ்சம் பேர வையேன் கண்ணு."