நன்றியுரையில் இறந்தவர்

ஆய்வேடுகளுக்கு அட்டை கட்டும் பைண்டிங் கடையில் பசை காய்ச்சும் வாசனை. கும்மிடிப்பூண்டி பஸ் நிலையத்தருகே அது மூக்கில் ஏறியதும் என் கால்கள் வேகம் கூட்டும். நிற்காமல், திரும்பாமல், யாரோ துரத்துவதுபோல.

அன்று எங்கள் கல்லூரியில் முதுகலைத் தமிழ் மாணவர்களுக்கு ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வு. நான் நெறியாளர். என் மாணவி ஒருத்தி, பழவேற்காட்டில் மீன் விற்கும் பெண்களின் பேச்சை ஆய்வு செய்திருந்தாள். கூடவே அவள் அப்பா. இரும்பு உருக்கும் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்தார், காதோரம் கரி. மகள் எழுதிய புத்தகமாயிற்றே! சட்டையில் கை துடைத்துவிட்டு வாங்கினார். நன்றியுரையை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“இன்னாம்மா இது? ‘மறைந்த என் தந்தையின் நினைவுக்கு’ன்னு போட்டுக்கீற. நான் எப்போ செத்தேன்? சொல்லியிருந்தா லீவாவது போட்டிருப்பேனே!”

வராந்தாவே சிரித்தது. மகள் சிரிக்கவில்லை.

“சீனியர் அக்கா ஃபைலு நைனா. அந்தப் பக்கத்த மாத்த மறந்துட்டேன்.”

“வேற எதையெல்லாம் மாத்தின?” என்றேன்.

தலை குனிந்தாள். “அட்டையில பேரு, மேடம்.”

அத்தனை பக்கங்களிலும் ஏலக் கூச்சல், வசவு, கேலி, அழுகை. ஒரு சொல்கூட இவள் காதில் விழுந்ததில்லை. அந்தக் கரைக்கே இவள் போனதில்லை. அடுத்த பக்கத்தில், ‘இது மாணவியின் சொந்த ஆய்வு எனச் சான்றளிக்கிறேன்.’ கீழே, பச்சை மையில் நான்.

“அந்த நன்றியுரைப் பக்கத்த மட்டும் கிழிச்சிட்டா போதும் மேடம். பாஸாயிட்டா ஸ்கூல்ல வேலை தரேன்னு சொல்லிக்கீறாங்க.”

கிழிக்கலாம். யாருக்கும் தெரியாது. என் விரல்கள் அந்தத் தாளின் ஓரத்தைப் பிடித்தே விட்டன. அதைக் கண்டு நானே திடுக்கிட்டேன்.

அவள் அப்பாவோ என் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இது நீங்க போட்டதா? உள்ள இருக்கறத படிச்சீங்களா?”

நாக்கு நுனியில் காரணங்கள் மொய்த்தன. ஒரே மதியத்தில் பத்து ஆய்வேடு, நெருக்கும் கடைசி நாள், தலைவலி.

“இல்ல” என்றேன்.

உள்ளே போய்த் தேர்வாளரிடம் இரண்டையும் சொன்னேன், அவள் எழுதாததையும் நான் படிக்காததையும். தேர்வு அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போயிற்று. பள்ளி வேலை போய்விட்டது. அவள் அழுத அழுகையில் வராந்தா காலியானது.

கல்லூரி வாசல்வரை அவர்களோடு நடந்தேன். மகளை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, படியில் ஒரு கால் வைத்தபடி அவர் திரும்பினார்.

“அவ மறுபடி எழுதுவா மேடம், நானே கூட்டினு போறேன் பழவேற்காட்டுக்கு. நீங்க இந்த தபாவாச்சும் படிச்சிட்டு கையெழுத்து போடுங்க.”