யானை மாமா சொன்னால் சரி

வானொலியில் யானை மாமாவாகப் பேசியவரை நிலையத்தில் 'தொண்டை' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் ஒல்லிக்குச்சி. மைக் முன்னால் நின்றால் மட்டும் அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கிளம்பும். அதைக் கேட்ட பிள்ளைகளுக்குப் பெற்றவர்கள் சொல்வதெல்லாம் இரண்டாம்பட்சம். அந்தக் குரல் யாருடையது என்று வீட்டில்கூடச் சொல்லக் கூடாதென்பது மேலிடத்து உத்தரவு. மனைவிக்குத் தெரியும், மகளுக்குத் தெரியாது.

கதை வாராவாரம் ஒன்றுதான். காட்டுக் குளம் நாறுகிறதென்று ஒரு தவளை கத்தும். யானை மாமா மடமடவென்று குடித்துக் காட்டுவார். "பொய் சொல்ற தவளைய நம்பாதீங்க, செல்லங்களா!" உடனே மற்ற மிருகங்கள் தவளையை விரட்டியடிக்கும்.

ஊருக்குப் புதுக் குழாய் போட வந்த பணத்தை மேலிடம் விழுங்கி ஏப்பம் விட்டிருந்தது. பழைய குழாயில் சாக்கடை கலந்து வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவர்களுக்கு ஒரு யானை தேவைப்பட்டது. தொண்டைக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் ஊருக்குக் கதை சொல்லிவிட்டு, தன் வீட்டில் மட்டும் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தார். இதற்கு மானங்கெட்ட பிழைப்பு என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டுப் பையன் வயிற்றுப்போக்கோடு ஆஸ்பத்திரிக்குப் போனான். பிணமாகத்தான் வந்தான். மறுநாள் தொண்டையின் மகள் குழாயில் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அது வேணாம்மா, கீழ கொட்டு."

"யானை மாமாவே குடிக்கிறாரு! நீ என்ன தவளையாப்பா?"

டம்ளர் உதட்டுக்குப் போயிற்று. அடுத்த நொடி அந்தக் குரல் வீடு அதிர வந்தது.

"கொட்டிடு, செல்லம். குளம் கெட்டுப்போச்சு."

அவள் வாயைப் பிளந்தாள். தண்ணீரைக் கொட்டிவிட்டு ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டாள்.

"ஐயோ, என்ன காரியம் பண்ணீங்க?" என்று மனைவி ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினாள். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று மகளிடம் சத்தியம் வாங்கினார்கள். ஆறு வயதுப் பிள்ளையின் சத்தியம்!

மறுநாள் பள்ளிக்கூடத்தில் வகுப்பு முழுக்கத் தண்ணீர் பாட்டில்களைக் கவிழ்த்தது. டீச்சர் காரணம் கேட்டார். பிள்ளைகள் எல்லோரும் ஒரே குரலில், "யானை மாமா சொன்னாரு" என்றார்கள்.

சாயங்காலம் வாசலில் ஜீப் வந்து நின்றது. இஸ்திரி கலையாத சட்டை போட்ட இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் குனிந்து சிறுமியிடம் கனிவாகக் கேட்டார்.

"பாப்பா, யானை மாமா வீடு இதுதானா?"

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. உள்ளே ஓடி அப்பாவின் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"இவருதான்! அப்பா, பேசிக் காட்டுப்பா!"