பிறைக்குழாய்க்குள் இருந்த கோடுகள்

பச்சைப் பெயின்ட் வாசம் வீட்டில் எழுந்தால் நோன்பு நெருங்கிவிட்டது என்று அர்த்தம். தோணிக்குப் பூசி மிஞ்சியதை வாப்பா ஒரு தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றிக்கொண்டு, ஒரு சாண் நீள இரும்புக் குழாயை மடியில் வைத்து, இரு முனைக் கண்ணாடிகளிலும் ஒரு சொட்டும் படாமல் பூசுவார்; கடற்காற்றில் துருவேறிவிடும் என்ற பயம் அவருக்கு. "பிறைக்குழாய்" என்பதுதான் எங்கள் வீட்டில் அதன் பெயர். கல்முனையில் கடல் கிழக்கே கிடக்கிறது, தலைப்பிறையோ மேற்கே வயலுக்கு மேல்தான் தெரியும்; ஆகவே பிறை பார்க்கும் மாலைகளில் எங்கள் ஒழுங்கைச் சந்து முழுவதுமே கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வயலோரத்துக்கு நடக்கும், முன்னால் குழாயோடு வாப்பா. என் முறை வந்து கண்ணை வைத்தால் உள்ளே மெல்லிய கறுப்புக் கோடுகள், ஏணிப்படி போலச் சின்ன அடையாளங்கள். அவற்றின் நடுவே நகக்கீற்றாகப் பிறை வந்து உட்காரும்.

"அது பிறைய அளக்கிற கோடு மனே" என்பார் வாப்பா.

உலகச் சண்டைக் காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கூலிக்குப் போன வாப்பாவின் வாப்பா, பர்மாவிலிருந்து திரும்பிய வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவனிடம் வாழைக்குலை கொடுத்து மாற்றிய சாமான் அது. அதற்கு மேல் ஒரு சரித்திரமும் எங்களுக்குத் தெரியாது.

எனக்குப் பதினைந்து வயது, கையில் புதுப் போன், எதையும் தேடிப் பார்க்காமல் விடமாட்டேன். "எந்த நாட்டுச் சாமான், என்ன பெறுமதியெண்டு பாரு" என்று வாப்பாதான் சொன்னார். பெயின்டைப் பிளேடால் சுரண்டச் சுரண்ட, இரண்டரை என்ற இலக்கம், பெருக்கல் குறி, பத்துப் பாகை, ஒரு தொடரிலக்கம், பக்கத்தில் ஒரு ஜப்பானிய எழுத்து என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நாங்கள் கைப்பிடி என்று நினைத்திருந்த இரும்புத் துண்டு, துப்பாக்கியில் பொருத்துவதற்கானது. போனில் தேடியதும் தெரிந்துவிட்டது: ஜப்பான் இராணுவத்தின் சினைப்பர் துப்பாக்கியில் இருந்து தூரத்து ஆளைக் குறிபார்த்த கண் அது.

கண்ணில் பதியும் ரப்பர் வளையமும் துணியுறையும் இருந்து, இலக்கம் துப்பாக்கியின் இலக்கத்தோடு பொருந்தி, பழைய கறுப்பு நிறமும் கெடாமல் இருந்தால் சேகரிப்போர் பெரிய விலை கொடுப்பார்களாம். எங்களிடம் ரப்பர் இல்லை, உறை இல்லை, துப்பாக்கி அல்ஹம்துலில்லாஹ் இல்லை.

"பெறுமதிய வாப்பா பெயின்ட் பூசியே முடிச்சிட்டார்" என்று என் மூத்தவள் ராத்தா விழுந்து விழுந்து சிரித்தாள்.

வாப்பா சிரிக்கவில்லை. "ஆளச் சுடுற கோட்டுலயா நாம பிறை பாத்த?" என்று மட்டும் கேட்டார்.

அந்த மாதம்தான், ஈஸ்டர் ஞாயிறன்று, தேவாலயங்களில் குண்டுகள் வெடித்தன. வைத்தவர்கள் முஸ்லிம் பெயர்க்காரர்கள் என்பதால், நோன்புக்குச் சில நாட்களே இருக்க, எங்கள் ஊரில் ஒழுங்கை ஒழுங்கையாக இராணுவத் தேடுதல். பக்கத்து வீட்டில் இறைச்சிக் கத்தியைக்கூடப் புதைத்தார்கள். உம்மா குழாயை அரிசிக்குள் வைத்தாள், எடுத்தாள், தலையணைக்குள் வைத்தாள், எடுத்தாள்.

"இஞ்சருங்க, பிறை பாக்கிற சாமானெண்டு சொல்லுங்களேன்."

"கண்ண வச்சா அவனுக்குத் தெரியாதா? ஆமிக்காரனுக்குப் பிறையா காட்டச் சொல்ற?"

"அப்ப கொண்டு போய்க் குடுத்திருங்க."

"எங்கால வந்ததெண்டு கேப்பான். என்ட வாப்பா கபுறுல இருந்து எழும்பி வந்தா சாட்சி சொல்லுவார்? என்னத்தான் புடிச்சிட்டுப் போவான்."

உம்மா என் பக்கம் திரும்பினாள். "என்னண்டு தெரியாமலே இருந்திருக்கலாமே மனே."

சுரண்டிய இடத்தை மறைக்க நான் சிரட்டையும் கையுமாக ஓடினேன். பூசி முடிப்பதற்குள் அடுத்த ஒழுங்கைக்கு வந்துவிட்டார்கள் என்று ராத்தா மதிலடியில் இருந்து கத்தினாள். வாப்பா அதை ஈரப் பெயின்டோடு பறித்துக் கிணற்றுக்குள் விட்டார். அவர் கையெல்லாம் பச்சை.

வந்தவர்கள் அலுமாரியைத் திறந்தார்கள், மெத்தையைப் புரட்டினார்கள், அடையாள அட்டைகளைப் பார்த்தார்கள். வெயிலில் வாடிப்போயிருந்த இளஞ்சிப்பாய் ஒருவர் முகம் கழுவத் தானாகவே கிணற்றில் வாளியை விட்டார். இழுத்தெடுத்த தண்ணீரின் மேல் பச்சையாக ஒரு படலம் மிதந்தது. அவர் வாளியைப் பார்த்தார், வாப்பாவின் கையைப் பார்த்தார்.

"தோணிக்குப் பூசின பெயின்ட்... கை கழுவின..." என்று வாப்பா உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

சிப்பாய் தண்ணீரை மெதுவாக வாழையடியில் ஊற்றினார். உம்மா குடத்திலிருந்து மொண்டு இரண்டு கையாலும் நீட்டிய கோப்பையை வாங்கிக் குடித்துவிட்டு, மற்றவர்களோடு போய்விட்டார். என்ன நினைத்தார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. உம்மா குடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்து அழுதாள். அந்த வருஷம் தலைப்பிறை பார்க்க எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் வெளியே வரவில்லை.

இப்போது குழாய்த் தண்ணீர் வந்து, பிறைக்குழாய் அடியிலேயே கிடக்க, கிணற்றுக்குக் கொங்கிறீட் மூடி போட்டாயிற்று. பிறை கண்ட செய்தி போனிலேயே வந்துவிடுகிறது. வாப்பா மட்டும் அந்த மாலையில் வயலோரத்துக்கு நடக்கிறார். விரல்களைக் குழாய்போல் மடித்து ஒரு கண்ணில் வைத்து, மற்றக் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் மேற்கே பார்க்கிறார்.

இந்த வருஷம் நானும் பக்கத்தில் நின்றேன்.

"தெரியுதா வாப்பா?"

"தெரியுது மனே" என்றார், கையை இறக்காமல். "ஆனா கோடில்லாம ஒரு இடத்திலயும் நிக்குதில்ல."