சம்பந்தியின் இரண்டு துப்பாக்கிகள்

காலை 7.20க்குத் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் பஸ் புறப்பட்டது. நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆளுக்கு முப்பது ரூபாய் டிக்கெட். ஜன்னலோரம் நான். பக்கத்தில் என் கணவர், செல்போனில் இரண்டு துப்பாக்கிகளின் படத்தை மாற்றி மாற்றிப் பார்த்தபடி.

எங்கள் மகள் யாழினி அமெரிக்காவில், கொலராடோவில் அந்த ஊர்ப் பையனைக் கட்டிக்கொண்டவள். அவளுடைய மாமனார் அக்டோபரில் எல்க் வேட்டைக்கு இவரை அழைத்திருக்கிறார். எல்க் நம் கடமானைவிடப் பெரிய மான்; அங்கே உரிமம் வாங்கி முறைப்படி சுடலாமாம். தன்னிடம் இருப்பவற்றில் எந்தத் துப்பாக்கி வேண்டும், குறிபார்க்க எந்த ஸ்கோப்பை அதில் மாட்ட வேண்டும் என்று இன்றைக்குள் சொல்லச் சொன்னார். இவர் கல்லூரி என்.சி.சி.யில் ஐந்து தோட்டா சுட்டவர். ஒன்று குறி அட்டையில் பட்டதாகச் சொல்வார். நான் நம்பியதில்லை.

விக்கிரவாண்டி தாண்டியதும் கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "இன்னா சார், துப்பாக்கி வாங்கப் போறீங்களா?"

இவர் விவரம் சொன்னார்.

"சம்பந்தி முன்னாடி சின்னதையா தூக்கிக்கினு நிப்பீங்க? பொண்ணு வூட்டுக்காரரு சார் நீங்க. பெருசாவே சொல்லுங்க!"

இவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. சீர்வரிசைத் தட்டை எண்ணுகிற புத்தி துப்பாக்கியையும் விடவில்லை.

8.30க்கு விழுப்புரம். இவருடன் பள்ளியில் படித்த தேசிங்கு அண்ணன் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர்; அவரிடம் யோசனை கேட்கத்தான் வந்தோம். "வா தங்கச்சி" என்று இட்லியும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைச் சட்னியும் வைத்தார். பிறகு படங்களைப் பார்த்தார். தோட்டாவின் பெயரால் ஒன்று முந்நூற்றெட்டு, மற்றது முந்நூறு மேக்னம்.

"மேக்னம்தான் பெரிய குண்டு, இல்லடா?" என்றார் இவர்.

"ரெண்டும் ஒரே பருமன்தான்டா. மேக்னத்துல வெடிமருந்து ஜாஸ்தி, சுட்டா தோள்ல உதையும் ஜாஸ்தி. முந்நூற்றெட்டுன்னா நான் பட்டாளத்துல சுட்டுக்கினு இருந்த தோட்டா மாதிரிதான். கிட்டப் போய் சுட்டா உன் மானுக்குப் போதும்."

இவர் ஒத்துக்கொள்ளவில்லை. அண்ணன் ஒரு மண்வெட்டிக் காம்பை இவர் தோளில் வைத்துக் குறிபார்க்கச் சொல்லி, மறுமுனையில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு குத்து விட்டார். இரண்டாவது குத்து. மூன்றாவதுக்குக் கை ஓங்கியதுமே இவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"பாத்தியா, அடி விழறதுக்கு முன்னாடியே மூடிக்கினே. மேக்னம்னா இன்னும் பயப்படுவே. குறி தப்பி, குண்டு வயித்துல பட்டு அந்த மானு காட்டுல கெடந்து சாவும். பரவால்லையா?"

இவர் தோளைத் தடவிக்கொண்டார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

ஸ்கோப்பிலும் இவருக்குப் பெரியதே வேண்டும், இருபத்து நான்கு மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது. அண்ணன் மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், செல்போன் கேமராவை முழுக்கப் பெரிதாக்கித் தெருவில் நின்ற ஆட்டைக் காட்டச் சொன்னார். இவர் சுவரைக் காட்டினார், வேலியைக் காட்டினார், எதிர்வீட்டம்மாள் உலர்த்திய பாவாடையைக் காட்டினார். ஆடு அகப்படவேயில்லை. எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

"மூணுலேர்ந்து ஒம்பது வரைக்கும் மாத்துற ஸ்கோப்பு போதும். மொதல்ல மூணுல வெச்சுத் தேடு" என்றார் அண்ணன்.

மதியம் 2.40க்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறினோம். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் கூட்டம் இறங்கியதும் இவர் போனை எடுத்தார். மேக்னம் என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம். தனக்கு வந்த ஆங்கிலத்தில், பஸ் முழுக்கக் கேட்கும்படி சம்பந்திக்குக் குரல் செய்தி பதிந்தார். அதன் சாரம் இதுதான்: முந்நூற்றெட்டும் சின்ன ஸ்கோப்பும் போதும். எனக்குக் கண் மூடிக்கொள்கிறது. பழக்கிவிடுங்கள். அப்படியும் பழகாவிட்டால் நான் சுடமாட்டேன், உங்கள் பின்னால் நடந்து வருகிறேன்.

என் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் கேட்டதற்கெல்லாம் என் அப்பா தலையாட்டினார். 'என்னால் முடியாது' என்ற ஒரு சொல் அவர்களிடம் அவர் வாயிலிருந்து சாகும்வரை வரவில்லை.

இவர் அனுப்பி முடித்துவிட்டு, "தப்பா நெனச்சுக்குவாரா?" என்றார். நான் இவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நெனச்சா நெனச்சுக்கட்டுங்க" என்றேன். திண்டிவனம் வரும்வரை அந்தக் கையை நான் விடவில்லை.