சுனாமிக்கு முந்தின புத்தகம்

2011. கிறிஸ்துமஸ் முடிந்த வாரம். அன்றைக்கு முட்டம் கடற்கரையில் நின்றது நாங்கள் நாலே பேர்: நான், என் மனைவி, எங்கள் மகள், அவளோடு கொச்சியில் வேலை பார்க்கும் ஒரு பெண். கயாக் என்று ஒரு ஒல்லிப் படகு உண்டு, துடுப்பு போட்டு ஓட்டுவது. அதைச் சுற்றுலாக்காரர்களுக்குப் பழக்கிக் கொடுப்பதுதான் மகளின் வேலை. லீவுக்கு வரும்போது ஜீப் மேல் இரண்டு பேர் உட்காரும் கயாக் ஒன்றைக் கட்டிக்கொண்டே வந்துவிட்டாள். முட்டத்தில் இறங்கி, மேற்கே நாலைந்து ஊர் தாண்டிக் கரையேறப் போகிறார்களாம் இரண்டு பேரும்.

நான் மீன் லோடு அடிக்கிற டெம்போ டிரைவர். ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவன். மகள் பஸ் ஏறினாலே நெஞ்சு படபடக்கிற ஆள். முந்தின நாள் அவள் ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகத்தை விரித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. கயாக்கில் போகிறவர்களுக்காக ஒரு வெளிநாட்டுக்காரர் எழுதியதாம். எங்கே கரையேறலாம் என்று படமே போட்டிருந்தது. அச்சில் வந்துவிட்டால் அப்புறம் என்ன பயம்!

அவளோ எங்கள் ஊரைப் பற்றிய பக்கத்தைத் தமிழில் சொல்லி, "சரியா தப்பான்னு மட்டும் சொல்லுங்கப்பா" என்றாள். பாறை சரி. மத்தியானக் காற்று சரி. கரையில் ஒரு டீக்கடை என்று இருந்தது. அது சுனாமியோடு போன கடை. உடனே முன்பக்கம் புரட்டி வருஷம் பார்த்தாள்.

"சுனாமிக்கு முந்தின புக்குப்பா. பாறை நகராது, காத்தும் மாறாது, அத நம்பலாம். மணல் கெடக்கான்னு நம்மதான் போய்ப் பாக்கணும்."

அவர்கள் கரையேற நினைத்த ஊரில் அகலமான மணல் என்று போட்டிருந்தது. டெம்போவில் போய்ப் பார்த்தோம். கடல் அரிக்காமல் இருக்கக் கொட்டிய கருங்கல்தான் கிடந்தது.

"அப்பா, நீங்க லோடு ஏத்துற ஊருதானே இது?"

ஆமாம். அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். ஆனாலும் மணல் என்று அவள் வாசித்ததும், மணல்தான் என்று தலையாட்டிவிட்டேன்.

"புக்கைத் தூக்கிக் கடல்ல போடு மக்ளே. பயணமும் வேண்டாம்" என்றேன்.

"ஒரு பக்கம் தப்புன்னா முழுசும் தப்பாப்பா? இங்க இறங்கல, தூரத்துல இருந்து பாத்தேன்னு அவரே எழுதியிருக்காரு. அவரு இறங்கின கரைக்கே போறோம்" என்று அடுத்த ஊரைக் காட்டினாள். அங்கே மணல் கிடந்தது.

மறுநாள் முட்டத்தில் அவர்களை இறக்கிவிட்டு, நானும் மனைவியும் அந்தக் கரையில் போய் நின்றோம். அங்கே கரமடி வலையைக் கடலில் வளைத்துப் போட்டு, ஆட்கள் இரண்டு பக்கமும் நின்று கயிறு இழுத்துக்கொண்டிருந்தார்கள். காற்று ஏறத் தொடங்கியது. படகு தெரிந்தது. நேராகக் கரைக்கு வரவேண்டியது, ஒரு பாறைக்குப் பின்னால் போய் மறைந்துவிட்டது. அப்புறம் காணவே காணோம். நான் அலற ஆரம்பித்தேன்.

"ஓய், நீரு கூப்பாடு போடதுல வலையில கெடக்க மீனெல்லாம் கொல்லத்துக்கு ஓடிரும்!" என்றார் கயிறு இழுத்த ஒருவர்.

"சும்ம கெடயுங்க. அவளுக்குத் தெரியும்" என்றாள் மனைவி. சொன்னாளே தவிர, என் கையை விடவில்லை.

மீனோடு வலையின் மடி மணலில் ஏறிய பிறகுதான் படகு பாறையை விட்டு வெளியே வந்தது. அலையோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு இரண்டு பேரும் கரையேறினார்கள்.

"புக்குல இருக்குப்பா. கரையில கயிறு இழுக்காங்கன்னா வலைக்குக் குறுக்க வராத, அந்தப் பாறைக்குப் பின்னால தண்ணி அடங்கிக் கெடக்கும், அங்க நில்லுன்னு. அவரும் அங்கதான் நின்னாராம்."

எங்கிருந்தோ வந்தவர், எங்கள் ஆட்களின் ஒரு நாள் மீன்பாடு கெட்டுவிடக் கூடாது என்று காத்து நின்று, அதை எழுதியும் வைத்திருக்கிறார். அதே புத்தகத்தில் எதை எடுப்பது, எதை விடுவது என்று என் மகளுக்குத் தெரிந்திருக்கிறது. கயிறு இழுத்தவர் இரண்டு கை நிறையச் சாளை மீன் அள்ளி, "நீ நின்னதுக்கு, மக்ளே" என்று அவள் மடியில் போட்டார்.

இப்போதும் அவள் கடலில் இறங்குகிற நாளில் எனக்குச் சோறு இறங்குவதில்லை. ஆனால் 'போகாதே' என்று மட்டும் அதன்பிறகு நான் ஒருநாளும் சொன்னதில்லை.